மின்மினி காத்திருப்பதில்லை

“செத்துட்டேன் மாமா.”

அக்கா மகன் மடிக்கணினியைத் தள்ளி வைத்துவிட்டு அஞ்சடித் தூணில் சாய்ந்துகொண்டான். பெஸ்தாரி ஜெயாவை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் அவர்கள் வீடு. வீட்டுக்குள் இணையம் வராது. அஞ்சடியின் இடது மூலையில் மட்டும் கைப்பேசிக்கு இரண்டு கோடு கிடைக்கும். அதனால் சன்னல் கம்பியில் கைப்பேசியை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, அதிலிருந்து வரும் வைஃபையில் மடிக்கணினியை இணைத்து விளையாடுகிறான். வயது பதின்மூன்று.

அவன் ஆடுவது ஸ்லிதர்.ஐஓ. ஸ்டீவ் ஹௌஸ் என்பவர் எழுதி 2016இல் வெளியிட்ட விளையாட்டு. எதையும் பதிவிறக்க வேண்டாம், உலாவியில் முகவரியைத் தட்டினால் போதும், ஒரு பாம்பு கிடைத்துவிடும். சிதறிக் கிடக்கும் ஒளிப்புள்ளிகளைத் தின்று வளர வேண்டும். நம் தலை இன்னொரு பாம்பின் உடலில் இடித்தால் நாம் சிதறுவோம், மற்றவர்கள் வந்து நம்மைத் தின்பார்கள். சிறிய பாம்பும் சட்டென்று குறுக்கே புகுந்து பெரிய பாம்பைக் கொல்லலாம் என்பதுதான் இதன் அழகு. அதற்கு முந்தைய ஆண்டு பிரேசில் இளைஞர் மத்தேயுஸ் வலதாரெஸ் வெளியிட்ட ஏகர்.ஐஓதான் இந்த வகைக்கே வழி திறந்தது. 

“லைன் மோசம் மாமா. கே.எல்.ல இருக்கறவனோட நான் எப்படி ஜெயிக்கறது?”

அவன் சொன்னது பொய்யில்லை. அன்று மாலை சோதித்துப் பார்த்தோம். அவன் கணினியிலிருந்து ஒரு செய்தி விளையாட்டை நடத்தும் சர்வருக்குப் போய்த் திரும்ப 180 மில்லிநொடி ஆனது. பிள்ளைகள் இதைத்தான் ‘பிங்’ என்கிறார்கள். நடுநடுவே அது 400ஐத் தொட்டு இறங்கியது.

இந்த எண்ணின் ஒரு பகுதியை யாராலும் குறைக்க முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், அதாவது ஒரு மில்லிநொடிக்கு 200 கிலோமீட்டர். தோட்டம் இருக்கும் கோல சிலாங்கூர் மாவட்டத்திலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 360 கிலோமீட்டர். போய்வர 4 மில்லிநொடிகூட ஆகாது. தோக்கியோ என்றால் குறைந்தது 53. லாஸ் ஏஞ்சலஸ் என்றால் 140ஐத் தாண்டும். கேபிள் வளைந்து போவதும் வழியில் நிலையங்கள் மாறுவதும் இதற்கு மேல் சேரும். ஆக, சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. சில விளையாட்டுகளில் அதை நாமே தேர்ந்தெடுக்கலாம். சிங்கப்பூர் என்று இருந்தால் யோசிக்காமல் அதைத் தொடுங்கள்.

ஆனால் இன்னொரு எண்ணும் இருக்கிறது, அது பையனுக்குத் தெரியாது. திரையில் ஒரு வெளிச்சம் தோன்றியதும் பொத்தானை அழுத்தச் சொன்னால், நல்ல உடல்நலமுள்ள இளைஞருக்கே 200 முதல் 250 மில்லிநொடி ஆகும். கண் விழித்திரை ஒளியை நரம்புத் துடிப்பாக மாற்ற வேண்டும், மூளை அதைப் படிக்க வேண்டும், கட்டளை விரல்வரை இறங்க வேண்டும். எந்த வழியில் போவது என்று தேர்வும் செய்ய வேண்டியிருந்தால் நேரம் இன்னும் கூடும். பயிற்சியால் இதில் கொஞ்சம்தான் குறையும். கோலாலம்பூரில் முதல்தர இணைப்போடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் இதே கால் நொடிதான். ஆக, எல்லோரும் நடந்து முடிந்ததைப் பார்த்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள். அப்படியானால் வெல்பவர் எப்படி வெல்கிறார்?

இதைச் சொல்லில் விளக்குவதைவிடக் காட்டுவது நல்லது என்று தோன்றியது. இரவு அவனைக் கம்போங் குவாந்தானுக்குக் கூட்டிப்போனேன்.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பக்கத்திலேயே இருந்தும் அங்கே போனதில்லை. வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வந்து பார்க்கிற இடம். சிலாங்கூர் ஆற்றில் துடுப்புப் படகில் உட்கார்ந்து, கரையோரம் நிற்கும் பெரெம்பாங் மரங்களை நெருங்கினோம். முதலில் கண்ணுக்குத் தெரிந்தது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பொறிகள். படகுக்காரர் துடுப்பை நிறுத்தினார். சற்று நேரம் கழித்துத்தான் பிடிபட்டது, மரம் முழுக்க ஒரே தாளத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது. தெரோப்டிக்ஸ் தெனெர் என்ற இந்த மின்மினி ஓர் அரிசி அளவுதான். அதன் ஆண் பூச்சிகள் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை, சேர்ந்து ஒளிர்ந்து சேர்ந்து அணைகின்றன.

பையன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “யார் மாமா இதுக்கெல்லாம் சிக்னல் குடுக்கறது?” என்றான்.

இதே கேள்வி அறிவியலை வெகுகாலம் அலைக்கழித்தது. ஆயிரம் பூச்சிகள் ஒன்றாக மினுக்குகின்றன என்று கிழக்கே போய்வந்தவர்கள் எழுதியபோது மேற்கில் பலர் நம்பவில்லை. பார்ப்பவரின் கண்ணிமை துடிப்பதால் அப்படித் தெரிகிறது என்று ஃபிலிப் லோரன் 1917இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார். அதே 1917இல்தான் இந்த மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோகோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். அங்கே இமை துடிக்கிறது என்று ஒருவர் எழுதிக்கொண்டிருந்தபோது, இங்கே தோட்டத்துச் சனங்களுக்கு எட்டும் தூரத்தில் ஆற்றோர மரங்கள் துடித்துக்கொண்டிருந்தன. பிறகு அந்தச் செம்பனையே ஆற்றங்கரைவரை இறங்கிப் பல இடங்களில் மின்மினியின் மரங்களைத் தின்றது. எஞ்சியிருப்பதைக் காப்பாற்றுவது நம் பொறுப்பும்தான்.

1960களில் ஜான் பக், எலிசபெத் பக் என்ற தம்பதியர் தாய்லாந்துக்குப் போய் இதே குடும்பத்து மின்மினிகளைப் படம்பிடித்து அளந்தார்கள். ஒவ்வொரு பூச்சியும் பக்கத்துப் பூச்சியின் ஒளியைப் பார்த்த பிறகுதான் மினுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்த்து மினுக்கச் சிறிது தாமதம் ஆகும். அந்தத் தாமதம் பூச்சிக்குப் பூச்சி கூடிக்கொண்டே போய், ஒளி மரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அலையாக ஓட வேண்டும். ஆனால் நாம் பார்க்கும் மரத்தில் அலை இல்லை, எல்லாம் ஒருசேர எரிகின்றன. 1968இல் அவர்கள் ‘சயன்ஸ்’ இதழில் முன்வைத்த விளக்கம் இதுதான்: பூச்சி எதிர்வினை செய்யவில்லை, எதிர்பார்க்கிறது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பக்கத்து ஒளி தன் ஒளிக்குச் சற்று முன்போ பின்போ வந்தால், பூச்சி தன் கடிகாரத்தைக் கொஞ்சம் நகர்த்திவைக்கிறது. இந்தத் துடிப்பு போனது போகட்டும், திருத்தம் அடுத்த துடிப்புக்கு. இப்படி ஒன்றையொன்று தட்டித் திருத்தும் கடிகாரக் கூட்டம் கடைசியில் ஒரே தாளத்தில் வந்து நிற்கும் என்பதை மிரொல்லோ, ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இரு கணிதவியலாளர்கள் 1990இல் கணக்காகவே நிறுவிக்காட்டினார்கள்.

நமக்குள்ளும் அப்படி ஒன்று ஓடுகிறது. கோயில் திருவிழாவில் உருமி மேளம் அடிக்கும்போது கூட்டம் கைதட்டுகிறதே, அடியைக் கேட்டபிறகா தட்டுகிறோம்? கேட்டபிறகு தட்டினால் ஒவ்வொரு தட்டும் அடிக்குப் பின்னால் இழுபடும், ஆட்டமே கெட்டுப்போகும். சீரான ஒலிக்கு விரலால் தாளம் போடச் சொல்லிச் சோதனைக்கூடத்தில் அளந்தால், பெரும்பாலோரின் தட்டு ஒலிக்குச் சில பத்து மில்லிநொடி முன்னாலேயே விழுகிறது. அவர்களோ சரியாக ஒலியின் மீதே தட்டுவதாகச் சொல்வார்கள். கால் நொடி தாமதமாகவே எதிர்வினை செய்யக்கூடிய மூளை, அந்தக் கடனை முன்கூட்டியே கட்டிவிடுகிறது.

விளையாட்டு எழுதுபவர்களும் கடைசியில் இந்த வழிக்குத்தான் வந்தார்கள். தொடக்க கால இணைய விளையாட்டுகளில் நீங்கள் பொத்தானை அழுத்தினால் செய்தி சர்வருக்குப் போய், அது ஒப்புக்கொண்டு திருப்பி அனுப்பிய பிறகே உங்கள் உருவம் திரையில் அசையும். தொலைபேசி மோடம் வழியே ஆடியவர்களுக்கு அது சேற்றில் நடப்பது மாதிரி. 1996 டிசம்பரில் வந்த குவேக்வேர்ல்ட் என்ற விளையாட்டில் அதை எழுதிய ஜான் கார்மாக் இதை மாற்றினார். பொத்தானை அழுத்தியதும் உங்கள் கணினியே உங்கள் உருவத்தை நகர்த்திவிடும், சர்வர் என்ன சொல்லும் என்பதை அது ஊகித்துக்கொள்ளும். ஊகம் தப்பினால், பதில் வந்ததும் இடத்தைத் திருத்தும். பிள்ளைகள் “இழுக்குது” என்று சொல்வது அந்தத் திருத்தத்தைத்தான்.

ஆனால் எதிராளி விஷயத்தில் கணினி அவ்வளவு துணிவதில்லை. பல விளையாட்டுகளில் அவரைப் பற்றிக் கடைசியாக வந்த இரண்டு செய்திகளுக்கு நடுவில் கோடு இழுத்து, அதில் அவரை வழுக்கி வரச்செய்கிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதனால் அவர் எப்போதும் கொஞ்சம் பழைய இடத்தில் தெரிவார். பையனிடம் இதைச் சொன்னதும் அவன் முகம் மாறியது. திரையில் தெரியும் தலைக்கு முன்னால், கண்ணுக்குத் தெரியாமல் உண்மையான தலை ஒன்று போய்க்கொண்டிருக்கிறது. அவன் இத்தனை நாள் தெரிந்த தலைக்குக் குறுக்கே வெட்டிக்கொண்டிருந்தான், வேறொரு தலையில் போய்ச் செத்துக்கொண்டிருந்தான்.

பிங் 180 என்பதைவிட அது நடுவில் 400க்குத் தாவுவதுதான் அவனை அதிகம் கொன்றது. இதற்கும் காரணம் உண்டு. பலர் சேர்ந்து ஆடும் உலாவி விளையாட்டுகளில் பெரும்பாலானவை 2011இல் தரப்படுத்தப்பட்ட வெப்சாக்கெட் வழியாகப் பேசுகின்றன. செய்திகள் சிறு பொட்டலங்களாகப் போகும், இந்த வழியில் அவை வரிசை மாறாமல்தான் வந்து சேர வேண்டும். காலைப் பெரட்டில் கிராணி பெயர் வாசிக்கிறார். ஐந்தாவது ஆளைக் காணோம். வீட்டுக்கு ஆள் அனுப்பி அவரைக் கூட்டிவரும்வரை ஆறாவது பெயரை வாசிக்க மாட்டேன் என்று கிராணி நின்றால் என்ன ஆகும்? பின்னால் நிற்பவர்கள் வந்திருந்தும் வேலைக்குப் போக முடியாது. ஒரு பொட்டலம் வழியில் தொலைந்தால் இதுதான் நடக்கிறது. திரை உறைகிறது, பிறகு தேங்கியதெல்லாம் ஒரேயடியாகக் கொட்டுகிறது, பாம்பு தாவுகிறது. பதிவிறக்கி ஆடும் கணினி விளையாட்டுகள் பலவும் பயன்படுத்தும் வேறொரு முறையில், தொலைந்த பொட்டலத்தை விட்டுவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்வார்கள்.

சீரான தாமதத்துக்கு மூளை பழகிவிடும். 2001இல் கன்னிங்ஹாம் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஓர் எளிய விளையாட்டில் கைக்கும் திரைக்கும் நடுவே 200 மில்லிநொடி அளவுக்குத் தாமதத்தைப் புகுத்தினார்கள். ஆடியவர்கள் முதலில் தடுமாறினார்கள், பயிற்சிக்குப் பின் சமாளித்தார்கள். தாமதத்தை நீக்கியதும் மறுபடி தடுமாறினார்கள். உள்ளே இருக்கும் கடிகாரம் அந்த அளவுக்கு நகர்ந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் தாமதம் நிமிடத்துக்கு நிமிடம் மாறினால் கடிகாரம் எதை வைத்துத் திருத்திக்கொள்ளும்? அதனால் வேகத்தைவிடச் சீர்மைக்கு முதலிடம் கொடுங்கள். மறுநாள் நாங்கள் செய்தது மிகச் சிறிய வேலை. வைஃபையை விட்டுவிட்டுக் கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் மடிக்கணினியோடு இணைத்தோம். திறந்து கிடந்த மற்றப் பக்கங்களை மூடினோம். லயம் முழுவதும் படம் பார்க்கும் எட்டு மணிக்கு ஆடாமல் விடியற்காலை ஆடிப் பார்த்தான். பிங் 150க்கு மேல்தான் இருந்தது, ஆனால் அங்கேயே நின்றது.

இதைச் சொல்வதால் தோட்டத்துக்கு நல்ல இணைப்பு வேண்டாம் என்று ஆகிவிடாது. வேண்டும். விளையாட்டுக்கு மட்டுமில்லை, பாடத்துக்கும் வேலைக்கும் மருத்துவத்துக்கும் வேண்டும், அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இணைப்பு காலை வாருவது பெரிய இடத்திலும் நடக்கிறது. 2020 ஆகஸ்ட் 30 அன்று நடந்த இணையவழிச் சதுரங்க ஒலிம்பியாட் இறுதியில் இந்தியாவின் நிஹால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் ஆட்டத்தின் நடுவே இணைப்பை இழந்தார்கள். உலகளாவிய இணைய முடக்கம் அது. கடைசியில் இந்தியாவுக்கும் ரஷ்யாவுக்கும் சேர்த்தே தங்கம் கொடுத்தார்கள்.

சதுரங்கமும் இன்று உலாவியில் ஆடும் போட்டி விளையாட்டுதான். ஒரு நிமிட ஆட்டங்களில் ‘பிரீமூவ்’ என்று ஒன்று உண்டு. எதிராளி காய் நகர்த்துவதற்கு முன்பே நம் பதிலைப் போட்டு வைத்துவிடலாம். அவர் நகர்த்திய அந்தக் கணமே நம்முடையது நடந்துவிடும். தவறாக ஊகித்தால் ராணி போய்விடும். மின்மினியின் வேலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் விளையாட்டு எனக்குத் தெரியவில்லை. நிதானமான ஆட்டத்திலும் முன்கூட்டிப் பார்ப்பதுதான் வெல்கிறது. 2022 பிப்ரவரியில் பதினாறு வயது பிரக்ஞானந்தா சென்னையிலிருந்தபடி இணையவழி ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் போட்டியில் மாக்னஸ் கார்ல்சனைக் கறுப்புக் காய்களோடு 39 நகர்த்தல்களில் வென்றார். அது பதினைந்து நிமிட ஆட்டம், விரல் வேகத்துக்கு அங்கே வேலையே இல்லை.

சரி, முன்கூட்டிப் பார்ப்பதை எப்படிப் பழகுவது? எங்கே பார்ப்பது என்பதில் தொடங்குகிறது. 1987இல் புரூஸ் அபர்னெதியும் டேவிட் ரஸ்ஸலும் பூப்பந்து ஆட்டக்காரர்களுக்கு ஒரு படத்தைப் போட்டு, இறகுப்பந்தை அடிப்பதற்குச் சற்று முன்பே நிறுத்தினார்கள். பந்து எங்கே விழும் என்று கேட்டார்கள். புதியவர்களுக்கு மட்டையில் இருந்துதான் ஏதோ கொஞ்சம் பிடிபட்டது. தேர்ந்தவர்கள் மட்டைக்கு முன்னால் அசையும் கையையும் படித்தார்கள். தோட்டத்துத் திடலில் மாலை வேளையில் பூப்பந்து ஆடும் எந்த அண்ணனைக் கேட்டாலும் இதைச் சொல்வார், ஆனால் சொல்லத் தெரியாமல் கையால் காட்டுவார். செம்பனைக் குலை வெட்டுபவரும் அப்படித்தான். நீண்ட கழியின் அரிவாள் காம்பைத் தொடும்போதே அவர் கால் விலகத் தொடங்கிவிடும். இருபது கிலோ குலை விழுவதைப் பார்த்த பிறகு விலகினால் அவர் அந்த வேலையில் நிலைத்திருக்க முடியாது.

அடுத்தது, எவ்வளவு நேரம் ஆடுவது என்பது. இதற்கு நல்ல சான்று ஓர் உலாவி விளையாட்டிலிருந்தே கிடைத்திருக்கிறது. ‘ஏக்ஸான்’ என்ற எளிய விளையாட்டில் சுட்டியால் புள்ளிகளைத் தொட்டுத் தொட்டு ஒரு நரம்பிழையை வளர்க்க வேண்டும். அதை ஆடிய 854,064 பேரின் பதிவுகளை டாம் ஸ்டாஃபோர்டும் மைக்கேல் டீவரும் 2014இல் ஆராய்ந்தார்கள். ஆடிய தடவைகள் சமமாக இருந்தாலும், ஒரே மூச்சில் ஆடியவர்களைவிட இடைவெளி விட்டு ஆடியவர்கள் அதிகப் புள்ளி எடுத்தார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று. தொடக்கத்தில் புள்ளிகள் ஏறி இறங்கித் தாறுமாறாக இருந்தவர்கள் பின்னால் நன்றாக ஆடினார்கள். அவர்கள் விதவிதமாக முயன்று பார்த்தவர்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். “முட்டாத்தனமா ஆடாதடா” என்று பக்கத்தில் நின்று திட்டும் அண்ணன்மார் இதைக் கவனிக்க வேண்டும். தம்பி செத்துச் செத்து எதையோ தேடிக்கொண்டிருக்கிறான்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டார்கிராஃப்ட் 2 ஆடும் 16 முதல் 44 வயதுவரையான 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்து கனடாவின் ஜோசஃப் தாம்சன் குழுவினர் 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பார்ப்பதற்கும் செய்வதற்கும் இடையிலான நேரம் 24 வயதிலிருந்தே நீளத் தொடங்குகிறது. ஆனால் மூத்தவர்கள் அதை வேறு வழியில் ஈடுகட்டுகிறார்கள், குறுக்கு விசைகளை அதிகம் பயன்படுத்தி, கையாள எளிதான வியூகங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வேகம் போகும் இடத்தில் திட்டம் வந்து உட்காருகிறது.

பையனுக்கு ஒரே ஒரு பயிற்சிதான் சொன்னேன். ஒரு நாளைக்கு இருபது நிமிடம், அவ்வளவுதான். அதில் முதல் ஐந்து நிமிடம் எதையும் தின்ன வேண்டாம், யாரையும் கொல்ல வேண்டாம். ஒரு பெரிய பாம்புக்குப் பக்கத்தில் தூரம் விட்டு ஊர்ந்துகொண்டே, அது அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னது தப்பானால் ஏன் தப்பியது என்று பார்க்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது அஞ்சடியில் அதே மூலையில் உட்கார்ந்திருந்தான். “எடம்... எடம்... வலம்...” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பெரும்பாலும் சரியாக இருந்தது. எப்படி என்று கேட்டேன்.

“அதோட கண்ணப் பாருங்க மாமா.”

குனிந்து பார்த்தேன். பச்சைப் பாம்பின் தலையில் இரண்டு வெள்ளை வட்டங்கள், உள்ளே கறுப்பு மணிகள். இத்தனை நாள் அலங்காரத்துக்கு வரைந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அந்த ஆட்டக்காரர் சுட்டியை எந்தப் பக்கம் கொண்டுபோகிறாரோ அந்தப் பக்கம் கண்மணி முதலில் ஓடுகிறது. தலை வளைந்து திரும்ப அதற்குப் பிறகும் சிறிது நேரம் பிடிக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு கறுப்பு மணிகளும் இடது ஓரத்துக்குப் போயின. பாம்பு இன்னும் நேராகத்தான் வந்துகொண்டிருந்தது.

பையன் அதற்குள் குறுக்கே போயிருந்தான்.